மாமன் ஜாடை

மூலக்குளத்தில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், நைந்துபோன தோல்பைக்குள், அண்ணனின் இரும்புக் குண்டுகள் மூன்று இருக்கின்றன. தரையில் உருட்டி எறிந்து விளையாடும் பெத்தாங்க் என்ற பிரெஞ்சு ஆட்டத்துக்கான குண்டுகள். முதலில் அவை என் தாய்மாமாவுடையவை. பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் அந்நாட்டு ராணுவத்தில் சேரக் காத்திருந்தவர் அவர். சேரவில்லை. மீசை முளைத்த வயதிலேயே ஒரு காய்ச்சலில் போய்விட்டார். என்ன காய்ச்சல் என்று கேட்டால், "விஷக் காய்ச்சல்" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள்.

அண்ணன் மாமாவை உரித்து வைத்திருந்தான். அதே அகன்ற தோள், குண்டை எறியுமுன் இடது கண்ணை இடுக்குகிற அதே பழக்கம். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு மாமன் ஜாடை என்பதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். செத்துப்போன தம்பியே திரும்பி வந்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு. அவன் தங்கை நானோ மழை தூறினாலே மூச்சிழுப்பு வந்து கிடக்கும் நோஞ்சான். அண்ணன் கடலில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து பழைய சோறு சாப்பிடுவான்.

கொரோனாவில் வீடு மொத்தமும் படுத்தோம். எல்லாருடைய பயமும் என்னைச் சுற்றியே இருந்தது. ஆக்சிஜன் பார்க்கும் கருவி ஒன்றுதான் கிடைத்தது. அது என் விரலைவிட்டு இறங்கவில்லை. அண்ணன் காய்ச்சலோடே எனக்கு வெந்நீர் போட்டுக் கொண்டுவந்தான். "எனுக்கு இன்னாடி ஆவப்போவுது? நீ மொதல்ல ஆவி புடி" என்றான். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். எனக்கு வாசனை தெரியாமல் போனதோடு சரி. அவன் குளியலறை வாசலில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் கருவியை அவன் விரலில் மாட்டினோம். அதில் தாழ்ந்து கிடந்த எண்ணைப் பார்த்த அம்மா, கருவி கெட்டுவிட்டது என்று அதைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் கட்டி எடுத்துப்போனார்கள்.

இவ்வளவு திடமான ஆளுக்கு ஏன் இப்படி என்று அங்கிருந்த ஒரு பெண் மருத்துவர் விடாமல் யோசித்திருக்கிறார். எங்களிடம் கேட்டு அண்ணனின் ரத்தத்தை எடுத்து வைத்திருந்தார். பிறகு எங்கள் ரத்தத்தையும் எடுத்தார். நெடுநாள் கழித்துக் கூப்பிட்டு விளக்கினார். வைரஸ் உள்ளே நுழைந்ததும் உடம்பு கூச்சல் போட்டு ஊரைக் கூட்ட வேண்டுமாம். அந்தக் கூச்சலை எழுப்பும் மரபணு அண்ணனுக்குப் பழுது. பெண்களுக்கு அந்த மரபணு இரண்டு இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். ஆண்களுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. எங்கள் அம்மாவிடம் அந்தப் பழுது இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. என் மகனுக்கும் வந்திருக்கிறது.

"அப்ப என் தம்பிக்கும் இதானா டாக்டரம்மா?" என்று அம்மா கேட்டாள். இருக்கலாம், இனி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். பழுது உள்ள எல்லாருக்கும் நோய் முற்றுவதில்லை, தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள், காய்ச்சல் என்றால் உடனே வாருங்கள் என்றும் சொன்னார். நல்லவர்தான். ஆனால் அந்த ஆறுதல் எதுவும் இன்றுவரை எனக்குள் இறங்கவில்லை. நாங்கள் கொஞ்சிக் கொண்டாடிய ஜாடை வந்த வழியிலேயே இதுவும் வந்திருக்கிறது, யாரைப் போய்த் திட்டுவது? அன்றிலிருந்து அம்மா பேரனை மாமன் ஜாடை என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் அந்தப் பையை இறக்கிவிட்டான். அண்ணன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவன் அவன். வாசலில் நின்று, இடது கண்ணை இடுக்கி, குண்டை எறிந்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அப்டியே மாமன்தான் போ!" என்று சிரித்தார். மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த குண்டை எடுக்கக் குனிந்தவன் இருமினான்.

அம்மா நறுக்கிக்கொண்டிருந்த காயை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். நானும் ஓடினேன். ஒரே நெற்றியில் இரண்டு பேரும் கை வைத்தோம். "தூசும்மா, விடு" என்று அவன் தலையை உதறிக்கொண்டான். சூடு இல்லை.

அம்மா குண்டுகளைப் பொறுக்கி, முந்தானையால் துடைத்து, பையில் போட்டுக் கட்டினாள். "இத எவனுக்காவது குடுத்துடு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

குண்டுகளை யாரிடமாவது கொடுத்துவிடலாம். நான் என் பிள்ளைக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.