மகனுடைய கொம்பியூட்டரில் என் பானை மூடி

இன்றைக்கு மகனுடைய கொம்பியூட்டரை விற்க மெரிலேண்ட்ஸில் இருக்கும் பழைய கொம்பியூட்டர் வாங்கும் கடைக்குக் கொண்டு போனேன்.

அவன் இறந்த பிறகு இந்த வீட்டு வாடகையை என்னால் தனியே கட்ட முடியவில்லை. அதை விற்றால்தான் செவன் ஹில்ஸில் பார்த்த ஒற்றை அறைக்கு பொண்ட் முற்பணம் கட்டலாம்.

கடைக்காரத் தம்பி திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அன்ரி, இந்த கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் விலை. மிச்சமெல்லாம் பழசு. ஆர் இது செய்தது? கார்டில இருக்கிற மெமரி சூடாகாமல் இருக்க அலுமினியத்தை வெட்டி ஒட்டியிருக்கு. ஏதோ சட்டி பானையில வெட்டினது போல."

எட்டிப் பார்த்தேன். நகமளவுத் துண்டுகள். ஒன்றில் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸில் ஒரு கோடு.

மாதா கோயில் பெருநாள் சாப்பாட்டுக்குக் கொண்டு போகும் பாத்திரங்கள் மாறிவிடாமல் இருக்க நான் போடும் அடையாளம் அது.

"தம்பி, கார்டை நீங்கள் எடுங்கோ. இந்தத் துண்டுகளை மட்டும் கழட்டித் தாங்கோ."

"ஏலாது அன்ரி. நல்ல பசை போட்டு ஒட்டியிருக்கிறார். இழுத்தால் மெமரியும் சேர்ந்து பிய்ஞ்சு வரும். பிறகு கார்ட் ஒண்டுக்கும் உதவாது."

கார்டைத் திருப்பி வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த அறைக்குப் போக வழியில்லை. இந்த வீட்டிலும் இருக்க முடியாது. கார்ட் மேசையில் இருக்கிறது, நான் அதற்கு முன்னால் இருக்கிறேன்.

போன பெருநாளில் என் சோற்றுப் பானை மூடியை எடுத்தது யார் என்று இந்தக் கோயில் குரூப்பில் உங்கள் எல்லாரையும் சந்தேகப்பட்டுக் கேட்டேனே. ஒருவரும் எடுக்கவில்லை. இன்னும் கோபம் இருப்பவர்கள் கீழே எழுதித் திட்டிவிட்டுப் போங்கள்.