டாக்டர் மேசையில் வறுவல் டப்பா

இரண்டு நாள் இருமலுக்காக நேற்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு பை நிறைய மாத்திரையோடு வீடு திரும்பினேன். பையைப் பிரித்ததும் மூக்கில் ஏறியது வைட்டமின் மாத்திரையின் அந்த வாடை. இருமலுக்கும் வைட்டமினுக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அது முதல் சம்பளத்தின் வாடை.

பார்மஸி படித்து முடித்த கையோடு கரமனையில் ஒரு சின்ன கிளினிக்கில், மாடிப்படிக்கு அடியில் இருந்த மருந்துக் கடையில் சேர்ந்தேன். நோயைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார்கள் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் டாக்டர் நல்ல மனிதர், கைராசிக்காரர். ஆனால் அவர் என்ன எழுதப்போகிறார் என்பது அவருடைய மேசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மருந்துக் கம்பெனியின் பரிசாகப் புதுக் கடிகாரம் வந்திருந்தால் அந்த மாதம் ஊருக்கே வாயுத்தொல்லை. கம்பெனிக் குடை வந்தால், மழையில் வழுக்கி விழுந்து வந்தவனுக்கும் இருமல் மருந்து உண்டு. காலையில் மேசையை ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் நான் சரக்குக்கு ஆர்டர் சொல்வேன். எனக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது என்று கடை முதலாளிக்கு ஏக சந்தோஷம்.

கழுத்தில் டையும் கையில் கனத்த பையுமாக வியர்த்து நிற்கும் மருந்துக் கம்பெனி ரெப்புகளை, நோயாளிகளுக்கு முன்னால் உள்ளே அனுப்புவது அங்கே வழக்கம். பெஞ்சில் காத்திருந்து அதைக் கவனித்தவர்களில் ஒருவர், அக்ரஹாரத்து விசாலம் மாமி. அவருடைய கணவருக்கு இதய நோய். டாக்டர் எழுதியது ஒரு புதுக் கம்பெனி மாத்திரை. அதே மருந்து வேறொரு கம்பெனிப் பெயரில் பாதி விலைக்கும் குறைவு. சீட்டில் இருக்கும் பெயரை நானாக மாற்றித் தர முடியாது. ஒரு சாயங்காலம் மாமி குரலைத் தாழ்த்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் போதாதா என்று கேட்டார். ஏற்கெனவே அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. தினமும் கொடுத்தே ஆகவேண்டும், டாக்டரிடம் மாற்றி எழுதச் சொல்லுங்கள் என்றேன்.

சொல்வதற்கு ஒரு முறை இருப்பதாக மாமி எடுத்துக்கொண்டுவிட்டார். அடுத்த தடவை ரெப்புகளோடு வரிசையில் நின்று உள்ளே போய், அவர்களைப் போலவே பையைத் திறந்து ஒரு டப்பாவை மேசைமேல் வைத்தார். நேந்திரங்காய் வறுவல். ஏதோ மருந்து தீர்ந்துபோனதைச் சொல்ல நானும் அங்கே நின்றிருந்தேன்.

"இதெல்லாம் எதுக்கு மாமி?" என்றார் டாக்டர்.

"எல்லாரும் கொடுத்தப்பறந்தானே நீங்க எழுதறேள்? இது நான் கொடுக்கறது. எங்காத்து மாமாவுக்கு அந்த விலை கம்மி மாத்திரையை எழுதிக் கொடுங்கோ."

குரலில் துளிக் கிண்டல் இல்லை. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டுகிற அதே மரியாதை. டாக்டரின் காது சிவந்தது. பார்வையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். அதிலும் ஒரு மாத்திரையின் பெயர்தான் இருந்தது. பிறகு ஒரு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மாற்றி எழுதினார்.

டப்பா மேசையில் இருந்தவரை கரமனையில் எல்லோருக்கும் விலை குறைந்த மாத்திரைதான். காலியானால் கை பழைய பழக்கத்துக்குத் திரும்பும். மாமி அதைப் புரிந்துகொண்டு விடாமல் நிரப்பினார். போகப்போகத் தெருவில் மற்ற வீடுகளும் முறைவைத்துக்கொண்டன. என் முதலாளிதான் அழாத குறை. மாமா தினமும் மாத்திரை சாப்பிட்டு, பழவங்காடிப் பிள்ளையாரை நடந்தே போய்க் கும்பிட்டு வந்தார். அவர் கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்தால் எனக்கு அன்றைய நாளே நன்றாக இருக்கும்.

கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டாக்டரும் இல்லை, மாமியும் இல்லை. நேற்று ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில், இதே மருந்து விலை குறைந்ததாக இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் திரையைப் பார்த்தபடியே, "சிஸ்டத்துல இதுதான் காட்டுது சாரே" என்றாள். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவாரா என்றேன். அவரும் சிஸ்டத்தில் இருப்பதைத்தான் எழுத முடியுமாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு டப்பா வைக்க இடம் இல்லை.