எழுந்திருப்பதற்கு முன் ஒரு பம்மல்

"இந்த ஆளு வேண்டாம்னு சொல்லப்போறாரு பாருங்க" என்று என் காதருகே குனிந்து சொல்கிறாள் பம்மி. கால் மணி நேரமாக எங்கள் கடையில் ஒரு தடித்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்கிறார். "வேண்டாம்மா, அப்புறம் வர்றேன்." அவர் படியிறங்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தவள், பிறகு வெடித்துச் சிரிக்கிறாள்.

"கண்ணை ஒருவாட்டி மூடித் திறந்தாரு, கவனிச்சீங்களா பேப்பர் அக்கா? இல்லன்னு சொல்றவங்களுக்கு முதல்ல கண்ணு மூடும். சரின்னு தலையாட்டுறவங்களுக்கு முதல்ல தாடை மேல போகும். மேல போனாத்தானே கீழ வர முடியும்?"

பேப்பர் அக்கா நான்தான். நான் வேலை செய்யும் காகிதக் கடைக்கு மேல்மாடியில், கையால் வரைந்து படங்களை நடமாடவைக்கக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே படிப்பவர்களுக்குத் தாள் வெட்டி, அடி ஓரத்தில் மூன்று ஓட்டை போட்டுக் கொடுப்பது என் வேலை. அவர்கள் மேசையில் அதே அளவில் மூன்று முளைகள் இருக்கும். தாளை அதில் மாட்டிவிட்டால் மயிரிழைகூட நகராது. மேசை கண்ணாடி, அதற்கடியில் விளக்கு. கீழே இருக்கும் படம் மங்கலாகத் தெரிய, அதிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் தள்ளி அடுத்த படத்தை வரைவார்கள். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். ஒருவன் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அரைக் கட்டுத் தாள் தீர்ந்துவிடும்.

பம்மிக்கு வயது முப்பத்து மூன்று. வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவள். பாடம் எடுப்பவருக்கே இருபத்தாறுதான். அவரை சார் என்று கூப்பிட நாக்கு வராமல், தம்பி என்று கூப்பிடவும் முடியாமல், முதல் வாரமே "தம்பி சார்" என்று ஆரம்பித்தாள். இப்போது பள்ளி முழுக்க அவருக்கு அதுதான் பெயர். அந்தக் கடனைத் தீர்க்கத்தானோ என்னவோ, இவளுக்குப் பம்மி என்று அவர் பெயர் வைத்தார்.

காரணம் இருக்கிறது. பந்தை முன்னால் எறிகிற கை முதலில் பின்னால் போகும். குதிக்கிறவன் முதலில் முட்டியை மடக்குவான். எந்த அசைவுக்கும் முன்னால் அதற்கு நேர் எதிராக ஒரு சின்ன அசைவு வரும். அதை வரையாமல் விட்டால் பொம்மைக்கு உயிர் வராது. வகுப்பில் அதைப் பம்மல் என்கிறார்கள். அந்தப் பாடம் நடந்த நாளிலிருந்து பம்மி உலகத்தையே அப்படித்தான் பார்க்கிறாள். "காலையில எங்க அக்கா பாத்திரத்தை சத்தமே இல்லாம வெச்சா. பம்முறான்னு நினைச்சேன். அடுத்த நிமிஷம் எனக்குக் கிடைச்சது பாருங்க அர்ச்சனை!"

கொண்டையில் எப்போதும் இரண்டு பென்சில் செருகியிருக்கும். அதை மறந்துவிட்டு என்னிடம் மூன்றாவதைக் கேட்பாள். வலது உள்ளங்கையின் ஓரம் முழுக்கக் கரி. பையில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு; முகம் பார்க்க அல்ல, முகத்தைக் கோணிப் பார்க்க. வரைகிற ஆள் அழுதால் இவளும் அழுவாள், அவன் முறைத்தால் இவளும் முறைப்பாள். ஒருநாள் சாயங்காலம் தாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். "இன்னிக்கு முழுக்கக் கோவக்காரன் அக்கா. தாடை கழண்டுபோச்சு." வரைந்த தாள்களை விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்றாகச் செருகிக்கொண்டு, மாற்றி மாற்றிப் புரட்டி அசைவு சரியா என்று பார்ப்பது அவர்கள் பழக்கம். அந்த விரல்கள் சும்மா இருக்காது. என் பில் புத்தகத்தை எடுத்துச் சரசரவென்று புரட்டிவிட்டு, "என்னக்கா, ஒண்ணுமே அசையல?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

தெருவில் போகிறவர்கள் பின்னாலேயே அவர்களைப் போல நடந்து பார்ப்பதும் உண்டு. ஒரு தடவை முன்னால் போன அம்மா சட்டென்று திரும்பிவிட்டார்.

"என்ன, கேலி பண்றியா?"

"இல்லைங்க, படிக்கிறேன்."

"என் முதுகுலயா?"

இந்தக் கூத்தெல்லாம் அவள் தேர்வில் இரண்டாவது தடவையும் தோற்றபோது சற்று அடங்கியது.

வருடக் கடைசியில் ஒவ்வொருவரும் ஆறு நொடிப் படம் ஒன்று வரைந்து காட்ட வேண்டும். ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் அடுத்த வருடம் இடமில்லை. பம்மி இங்கே வருவதற்கு முன் எட்டு வருடம் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தவள். ஒரு வருடம் லீவு கேட்டு வந்திருக்கிறாள். "உன் சீட்டை ஒரு வருஷம் வரைக்கும் வெச்சிருப்பேன், அதுக்கு மேல முடியாது" என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் தடவை அவள் வரைந்த ஆள் சோப்பு நுரைபோல எழுந்து நின்றான். தம்பி சார் பார்த்துவிட்டு, "உடம்பு எந்திரிச்சிருச்சு. எடை இன்னும் நாற்காலியிலேயே உக்காந்திருக்கு" என்றார்.

இரண்டாவது தடவைக்கு அவளுடைய அக்காதான் பலி. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அக்கா கடைக்கு வந்து, பம்மியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் முறையிட்டார்.

"இவளுக்காக முப்பது தடவை எந்திரிச்சு உக்காந்தேங்க. என் முட்டியே போச்சு."

"ஒழுங்கா எந்திரிச்சிருந்தா ஒரு தடவை போதும்க்கா."

"ஒழுங்கான்னா எப்படிடி? நாப்பது வருஷமா எந்திரிச்சிட்டுத்தான் இருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல!"

அந்த முறை நடந்ததை மேலே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வரைந்த தாள்களில் ஒன்றாம் எண் அடியில் இருக்கும். தாள்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தவர் மேலேயிருந்து எடுத்துவிட்டார். திரையில் ஒரு பெண் நின்றபடி தோன்றி, பின்னால் சாய்ந்து, நாற்காலியில் தொப்பென்று அமர்ந்தாள். வகுப்பே கை தட்டியது.

"உக்காருறது பிரமாதம்" என்றார் தம்பி சார்.

"தம்பி சார், அது எந்திரிக்கிறது."

அவர் வரிசையை மாற்றிப் போடச் சொல்லிப் பார்த்தார். கை தட்டல் நின்றுவிட்டது. "எந்திரிக்கப்போறோம்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தயாரா இருக்காங்க. தயாரா இருக்கிறவங்களுக்குப் பம்மல் எங்கேர்ந்து வரும்?"

வெட்டும் இயந்திரம் போடுகிற இரைச்சலில் கடைக்குள் பேச்சு கேட்காது. அதனால் பம்மி எப்போதும் படியில் நின்றே விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் ஒரு கட்டு. அந்த நாளுக்குப் பிறகு விரல் காட்டவில்லை. உள்ளே வந்து, இயந்திரம் நிற்கும்வரை காத்திருந்து, "அம்பது தாள் உதிரியா குடுங்கக்கா" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "இருப்பேனோ மாட்டேனோ, கட்டு எதுக்கு?" அவ்வளவு மெல்லிய குரல் அவளிடம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசி வாய்ப்புக்குப் பத்து நாள் இருந்தது. டாக்டரம்மா ஃபோன் செய்து, முடிவைச் சொல் என்றார். வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று நேரில் சொல்லிவிடலாமென்று பம்மி கிளம்பிப் போனாள். போனவள் ஒரு மணி நேரத்தில் மூச்சிரைக்க என் கடைக்குள் ஓடி வந்தாள். "அக்கா, அந்த ஸ்டூலைக் குடுங்க!"

ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நடந்ததை நடித்தே காட்டினாள். மருத்துவமனையில் புதிதாக வந்த பெண்ணுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டாள். பல் வலிக்காரர்களுக்கு நடுவே இவளும் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொல்லலாம், எப்படி ஆரம்பிக்கலாம்னு யோசிச்சிட்டே இருந்தேனா, திடீர்னு 'அடுத்து நீங்க'ன்னு கூப்பிட்டா. நான் எந்திரிக்கலக்கா! பின்னாடி போனேன்! முதுகு நாற்காலிக்குள்ள போச்சு, குதிகால் ரெண்டும் உள்ள இழுத்துக்கிச்சு, எச்சில் முழுங்கினேன். அப்புறம்தான் எந்திரிச்சேன். எட்டு வருஷம், ஒரு நாளைக்கு முப்பது பேரு. நான்தான் கூப்பிடுவேன். அத்தனை பேரும் இதே மாதிரி முதல்ல பின்னாடி போய்ட்டுத்தான் எந்திரிப்பாங்க. கண்ணு முன்னாடி நடந்ததை விட்டுட்டு, வீட்டுல அக்காவைப் போட்டு வாட்டியிருக்கேன்!"

"டாக்டரம்மாகிட்ட என்ன சொன்னே?"

"உள்ள போனதும், 'என்னம்மா, பல் வலியா?'ன்னு கிண்டலா கேட்டாங்க. 'இல்ல டாக்டர், சீட்டை வேற யாருக்காவது குடுத்துருங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." ஸ்டூலிலிருந்து எழுந்தாள். எழுந்தபிறகுதான் சொன்னதன் கனம் அவளுக்கே உறைத்தது போலிருந்தது. மறுபடி உட்கார்ந்தாள். "அவசரப்பட்டுட்டேனோ?"

நான் தாள் ஐம்பது எண்ணிக் கொடுத்தேன்.

அந்தப் பத்து நாளில் அவளைப் பார்த்ததெல்லாம் படியில்தான். ஐம்பது, ஐம்பது என்று உதிரியாகவே வாங்கிப் போனாள். கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டே நடமாடினாள். ஒருநாள் என் முதலாளி பயந்துபோய், கிராம்பு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கு வெட்டிய தாள்களை எடுத்துக்கொண்டு நான் மேலே போனபோது, வகுப்பு இருட்டாக இருந்தது. கதவு திறந்திருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டேன். "அடியிலேர்ந்து எடுங்க, அடியிலேர்ந்து" என்று சொல்லிக்கொண்டே, காலையில் படம் பிடித்தவர் பக்கத்திலேயே பம்மி நின்றாளாம்.

திரையில் ஒருவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நமக்குக் கேட்காத ஒரு குரல் அவனைக் கூப்பிட்டது. அவன் பின்னால் போனான். முதுகு நாற்காலிக்குள் புதைந்தது. குதிகால்கள் உள்ளே ஒடுங்கின. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு கைப்பிடியை ஊன்றி, மனசில்லாமல், முழு எடையோடும் எழுந்தான். மூன்று தடவை ஓட்டினார்கள். மூன்றாவது தடவை முன் வரிசையில் ஒருத்தி தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கைப் போட்டார்கள். தம்பி சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பம்மி திரையைப் பார்க்கவே இல்லை, அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தாடை அரிசி மணி அளவு மேலே போனது. தலை இன்னும் ஆடவில்லை, வாய் திறக்கவில்லை. அதற்குள் பம்மி வாசல் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்து இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள்.