முப்பத்தோராம் நாள் குரல்

நான் பாடுவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில் கடிதம் அடிக்கிறேன். யாராவது ஏன் விட்டாய் என்று கேட்டால், "தொண்டை சரியில்லை" என்று சொல்லிவிடுவேன். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நான் பேஸ் கிற்றார் வாசித்துக்கொண்டே பாடுகிறவள். திருகோணமலையில் அப்படி ஒரு பெண் இருப்பதைச் சனங்கள் நம்பப் பல மாதம் எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் முதன்முதலில் என் கிற்றாரைப் பார்த்துவிட்டு, "நாலு கம்பிதான் கிடக்கு. மிச்சம் ரெண்டும் அறுந்துபோச்சோ பிள்ளை?" என்று கேட்டார். பேஸுக்கு நாலே கம்பிதான். எங்கள் குழுவில் மூன்று பேர். கிற்றார்காரன் ரவுணில் ஃபோன் திருத்துகிற கடையில் வேலை செய்தான். ட்ரம்ஸ்காரன் சாம்பல்தீவு, தகப்பன் கடல்தொழில். கலியாண வீடுகளில் சினிமாப் பாட்டுப் பாடிப் பிழைத்தோம், மிச்ச நேரத்தில் எங்களுடைய பாட்டுகளைச் செய்தோம். அந்த மிச்ச நேரத்துக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனாலும் அப்படித்தான்.

எங்களுடைய முதல் பாட்டு பெற்றோல் வரிசையைப் பற்றியது. பெற்றோல் இல்லாமல் நாடு முழுக்க வரிசையில் நின்ற காலம் அது. ஸ்கூட்டரோடு வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஐந்து பேருக்கு முன்னால் நிற்கும் பையனைப் பிடித்துப்போகிறது. பெற்றோல் கொண்டுவருகிற பவுசர் லொறி இன்றைக்கு வரவே கூடாது என்று பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைக்கிறாள். சிரிக்க வைக்கிற பகிடிப் பாட்டு. எங்கள் வீட்டு அறையில் சுவரோடு மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பதிவு செய்தோம். தொடக்கத்துக்கு மட்டும் எனக்கு வரி கிடைக்கவில்லை. பிறகு எழுதலாம் என்று வாயை மூடிக்கொண்டு ஒரு ஹம்மிங் செய்து, கீழே பேஸை மெதுவாக ஓடவிட்டேன். பிறகு எழுதவே இல்லை. யூடியூபில் போட்டோம். பார்த்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்களும் அவர்களோடு கோபமாய் இருக்கிறவர்களும்தான்.

அடுத்த வருடம் ட்ரம்ஸ்காரனின் அப்பா கடற்கரையில் வலை இழுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாளுக்கு இறந்தவரின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரு வீடியோ செய்வார்கள். வீட்டில் பெரிய திரை கட்டி எல்லாருக்கும் காட்டி, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் அனுப்புவார்கள். ரவுணில் அதைச் செய்கிற வீடியோக்கடைக்காரர் எல்லாச் சாவுக்கும் ஒரே புல்லாங்குழல் இசையைத்தான் போடுவார். ட்ரம்ஸ்காரன் என்னிடம் வந்தான்.

"அப்பாக்கு அந்தப் புல்லாங்குழலைப் போட எனக்கு மனமில்லை. உன்ர ஹம்மிங்கைப் போடட்டோ?"

"இதுக்கெல்லாம் கேக்கிறதே?" என்றேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை வேறு. ஆனால் நான் அன்று மத்தியானமே உட்கார்ந்து அந்த ஹம்மிங்கை மட்டும் வெட்டி எடுத்து, நான்கு தரம் திரும்ப வரும்படி நீட்டி, கொஞ்சம் எதிரொலி சேர்த்தேன். கடைசித் தரம் இன்னும் உருக்கமாக இருக்கட்டும் என்று புதிதாகவும் பாடினேன். கடைக்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, முடிவில் என் பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னேன். முப்பத்தோராம் நாள் சாம்பல்தீவில் அந்த முற்றத்தில் நூறு பேர் இருந்து அழுதார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, அழுகிற முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். பிறந்ததிலிருந்து அத்தனை பேர் என் குரலை முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

கடைக்காரர் கேட்டார், "தங்கச்சி, இதை நான் வச்சிருக்கட்டோ?"

"ஓம் அண்ணா, வச்சிருங்கோ."

அவர் அதை அலுமாரியில் பூட்டி வைக்கவில்லை. அடுத்த சாவுக்குப் போட்டார், அதற்கடுத்ததுக்கும் போட்டார். மற்றக் கடைக்காரர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆறே மாதத்தில் மாவட்டத்தின் தெற்குக் கோடியில் இருக்கிற ஈச்சிலம்பற்று வரைக்கும் போய்விட்டது. என் பெயர் வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது, குரல் மட்டும் போனது. ஒருநாள் பஸ்ஸில் முன் சீற்றில் இருந்த ஒரு பெண் ஃபோனில் ஒரு நினைவஞ்சலியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் குரல் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டாள். நான் பெருமைப்பட்டேன். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

விளங்கியது ஒரு தையல் கடையில். சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றபோது என்னையறியாமல் அந்த ஹம்மிங்கை மெதுவாக முனகினேன். தையல்காரி அளவு நாடாவை என் தோளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"பிள்ளை, குறை நினைக்காதைங்கோ. அதை இஞ்ச பாடாதைங்கோ. கலியாணச் சட்டையள் தைக்கிற இடம்."

அதன்பிறகு ஒரு கலியாண வரவேற்பு. நான் பாடிக்கொண்டிருந்தது ஒரு துள்ளல் பாட்டு, ஹம்மிங் கிம்மிங் ஒன்றும் அதில் கிடையாது. இரண்டாவது சரணத்தில் கலியாணப் பொம்பிளையின் தாய் முன் வரிசையில் இருந்து தேம்பித் தேம்பி அழத் தொடங்கினார். அவரின் புருஷன் அதற்கு முந்தின வருடம் இறந்தவர். அந்த முப்பத்தோராம் நாள் வீடியோவில் நான்தான் முனகியிருக்கிறேன். அந்தத் தாய் குரலைப் பிடித்துவிட்டார். ஒரு பெரியம்மா மேடைக்கு வந்து கிற்றார்காரனிடம், என்னைப் பார்க்காமலே, "தம்பி, நல்ல காரியம் நடக்கிற இடம். இந்தப் பிள்ளையை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார். நான் நிறுத்தினேன். மணவறைப் பூ மணக்க, மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதை பரவ எத்தனை நாள் வேண்டும்? கூப்பிடுகிறவர்கள் முதலில், "வாங்கோ, ஆனா அந்தப் பிள்ளை பாட வேண்டாம்" என்றார்கள். வேறொரு பாடகியைப் பிடித்தோம். நான் பின்னால் நின்று பேஸ் மட்டும் வாசித்தேன். பிறகு, "ஆளையே கூட்டிக்கொண்டு வராதைங்கோ" என்றார்கள். கிற்றார்காரன் எனக்காகச் சண்டை பிடித்தான். இரண்டு கலியாணம் கைவிட்டுப் போனபிறகு சண்டையை விட்டான். அவனைக் குற்றம் சொல்ல ஏலாது. நான் வீடியோக்கடைக்காரரிடம் போய் அதை அழிக்கச் சொல்லி அழுதேன்.

"நான் அழிச்சு என்ன தங்கச்சி? எல்லாரிட்டையும் கிடக்கு. சனம் அதைத்தான் கேட்டு வருகுது" என்றார். பாவம், அவரும் கெட்ட மனிதர் இல்லை.

எல்லாவற்றையும் தாங்கினேன், ஒன்றைத் தவிர. என் அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. ஒருநாள் மழையும் காற்றுமாக இருந்தது, அப்பா வேலையில். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு ஏதோ ஒரு பாட்டை, அந்த ஹம்மிங்கைக்கூட இல்லை, வாய்க்குள் பாடினேன். அம்மா எழும்பிப் போய் ரேடியோவைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வந்து தேங்காய் துருவினார். பெற்ற தாய்க்கே என் குரல் பயம் என்று தெரிந்த பிறகு என்ன இருக்கிறது?

கடைசியாக ஒன்று செய்து பார்ப்போம் என்றேன். என்னுடைய மற்றப் பாட்டுகளை, ஆறு பாட்டு, எல்லாம் பகிடியும் காதலும், ஒரே இருப்பில் இருந்து கேட்டார்கள் என்றால் சனங்களின் காது மாறிவிடும் என்று நம்பினேன். மாறினால் பாடுவேன், மாறாவிட்டால் விட்டுவிடுவேன் என்று கிற்றார்காரனுக்கும் ட்ரம்ஸ்காரனுக்கும் சொன்னேன். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்காரர் பின்னேரம் ஐந்து மணிக்குத் தன் தோட்டத்தைத் தந்தார். கிற்றார்காரன் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டான். பின்னணியில் அந்த ஹம்மிங்கையே போட்டுவைத்திருந்தான்.

"உனக்கு விசரா?" என்று கத்தினேன்.

"எங்கட வேற ஒண்டும் ஆக்களுக்குத் தெரியாதே" என்றான். அதற்குள் ஊரெல்லாம் அதைப் பகிர்ந்து முடிந்துவிட்டது.

சனங்கள் இருக்க அறுபது பிளாஸ்ரிக் கதிரை போட்டிருந்தோம். நாலரைக்கே நிறைந்துவிட்டது. எங்களுக்கா இவ்வளவு கூட்டம் என்று இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். முதல் பாட்டு, விடிய பஸ்ஸில் நடக்கிற சண்டையைப் பற்றியது. முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. கோபமும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக இருந்தார்கள். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் இல்லை. கனபேர் வெள்ளை, அல்லது வெளிறிய சேலை. குளிர்பான மேசைக்கு ஒருவரும் போகவில்லை. மூன்றாவது பாட்டில் முன் வரிசைக்காரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வாலிபனின் படத்தை எடுத்து, என்னைப் பார்க்கிறபடி முழங்காலில் நிமிர்த்தி வைத்தார். எனக்குப் பின்னால் ட்ரம்ஸ் நின்றுவிட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல், "பிள்ளை, அதை ஒருக்கா..." என்று கேட்டது.

நான் செய்தேன். வேறென்ன செய்வது? பேஸை மெதுவாக ஓடவிட்டு, வாயை மூடி ஹம்மிங் செய்தேன். அறுபது பேரும் எழும்பி நின்றார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பாடியதில்லை. பாடப்பாட அந்தச் சனங்கள் மீது எனக்கு வெறுப்பு ஏறியது. பிறகு அந்த வெறுப்பை நினைத்து வெட்கமும் ஏறியது.

எல்லாரும் போனபிறகு ட்ரம்ஸ்காரனின் அம்மா என்னிடம் வந்தார். சாம்பல்தீவிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். மகன் கேட்கிற தூரத்தில் நின்று ட்ரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவர் என் இரண்டு கையையும் பிடித்தார்.

"பிள்ளை, நீ அதைப் பாடேக்க இவன்ர அப்பா என்ர பக்கத்தில வந்து இருக்கிறார். முகம் வடிவாத் தெரியுது. அதுக்கு முதல் பாடின பாட்டுகளையும் அதே குரலாலதான் பாடினனி. நீ பகிடி பாடேக்க இவர் எழும்பிப் போயிடுறார். வேற பாட்டுக்கு அந்தக் குரலைப் பாவிக்காதை, என்ன?"

நான் மகனைப் பார்த்தேன். அவன் திரும்பவில்லை.

"ஓம் மாமி, இனிப் பாடமாட்டன்" என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தடவி, "நல்ல பிள்ளை" என்றார்.