மனசு டாக்டர் எழுதித் தந்த திவசம்

1957 ஜூன் 13, வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணி. இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் தூறல். எதிர்க் கடையின் பெயர்ப்பலகை தெரியாத அளவுக்கு மூடுபனி. அந்த நேரத்தில் ஒரு டாக்டர் என் நாக்கைப் பார்க்காமல், நாடியைத் தொடாமல், காலையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். முப்பத்தெட்டு வருடமாக இந்த மலையில் இருக்கிறேன். அதற்குள் பதினொரு டாக்டர்களிடம் போயிருக்கிறேன். இப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கர். அந்த ஏப்ரல் மாதத்திலிருந்து தூக்கம் போய்விட்டது. படுத்தால் கூரைத் தகரத்தின் நெளிவுகளை எண்ணுவேன், நூற்றுப் பன்னிரண்டு. நடந்தால் ஆபீஸ் படிகளை எண்ணுவேன். எண்ணியது சரிதானா என்று திரும்பிப் போய் எண்ணுவேன். இவ்வளவு எண்ணியும் மே மாதப் பதிவேட்டில் ஒரே பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு பேர், அதாவது இரண்டு நாள் கூலி, போட்டுவிட்டேன். தோட்டத்துத் தொரை கோபிக்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஹட்டனுக்கு வரும் மனசு டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவரும், கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவரு ஊசி போட மாட்டாரு, கிளாக்கரய்யா," என்றார் கடைக்காரர். "போன தடவ என்னயப் பள்ளிக்குப் போறீங்களான்னு கேட்டாரு. வெள்ளிக்கிழம கடையச் சாத்திட்டுப் போங்கன்னாரு. இதச் சொல்ல அஞ்சு ரூவா."

"எங்கிட்ட, ஒரு நாளைக்கு யாரு கூடச் சிரிக்கிறேன்னு கேட்டாரு," என்றாள் அந்தப் பெண். பிறகு என்னைப் பார்த்து, "கிளாக்கரய்யா கைய எதுக்கு இப்படிப் பெசையிறாரு? எங்க பேரையெல்லாம் எழுதுற கை, தம் பேர எழுதிருவாங்கன்னு பயப்படுதோ?" என்றாள். கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் சிங்களவர். யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்தபோது தமிழ் பழகியவர். எங்கள் தோட்டத் தமிழுக்கு அது தூரமாகக் கேட்டது. மேசையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன.

"வீட்டில ஆர் இருக்கினம்?"

"நான் மட்டும்தாங்க."

"மனிசி?"

"பொஞ்சாதி செத்துப் போச்சுங்க. பதினோரு வருஷம்."

அதை நான் சொன்னேன் என்பதைவிட, என் வாய் சொன்னது என்பதே சரி. இதைப் படிக்கும் உங்களில் கடல் தாண்டி வந்தவர்களுக்கு இது விளங்கும். ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். இலங்கை சுதந்திரம் பெற்றதும், இந்தியாவிலிருந்து வந்த எங்களை அந்நியர் என்றது சட்டம். விண்ணப்பம் எழுதி, விசாரணையில் தேறினால்தான் பிரஜாவுரிமை. அது இல்லாவிட்டால் எனக்கு வேலையும் நிச்சயமில்லை, குவாட்டர்ஸும் நிச்சயமில்லை. மனைவி இந்தியாவில் குடியிருந்தால் விண்ணப்பம் நிற்காது. என் மனைவி பாக்கியத்துக்கு இந்தப் பனி ஆகவில்லை. இழுப்பு முற்றி, 1946இல் துறையூருக்குப் பக்கத்தில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே மூச்சு சரியானது. நான் திரும்பி வந்தேன். ஏப்ரல் விசாரணையில் அதிகாரி, இப்படியே ஒரு மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு, இதே கேள்வியைக் கேட்டார். செத்துவிட்டாள் என்றேன். இப்போது டாக்டரிடம் மாற்றிச் சொன்னால் இரண்டு தாள்களும் எங்காவது சந்தித்துவிடும் என்று பயந்தேன்.

டாக்டர் ஒரு மணி நேரம் கேட்டார். என்ன சமைக்கிறேன், எந்தக் கோயிலுக்குப் போகிறேன், செத்தவர்களுக்கு எங்கள் வழக்கத்தில் என்ன செய்வோம் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். முடிவில் சொன்னார்:

"நீங்கள் மனிசிக்கு அழேல்லை. துக்கம் உள்ளுக்க நிக்குது. அதுதான் எண்ணுறீங்கள். ஆத்தங்கரைக்குப் போய், உங்கட முறைப்படி திவசம் செய்யுங்கோ. பேரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் விடுங்கோ."

தாளில் எழுதியும் கொடுத்தார். அவர் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடைக்காரருக்குப் பள்ளிவாசல், அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு, எனக்கு எள்ளும் தண்ணீரும். ஆளைப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தார். ஆளைத்தான் நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டு நாள் அந்தத் தாள் சட்டைப் பையில் கிடந்தது. எள் வாங்கக் கடை வாசல் வரைக்கும் இரண்டு தடவை போனேன். பதின்மூன்றாம் நாள் பாக்கியத்தின் கடிதம் வந்தது. விசாரணைக்குப் பிறகு வந்த நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. இதில் நான்கே வரி. மழைக்கு முன்னால் இழுப்பு திரும்பியிருக்கிறது, நுவரெலியா யூகலிப்டஸ் தைலம் இரண்டு போத்தல் கிடைத்தால் யாரிடமாவது கொடுத்து அனுப்பவும், நீங்கள் சுகமா.

ஜூன் 27, மறுபடியும் வியாழக்கிழமை.

"திவசம் செய்தீங்களோ?"

"இல்லீங்க டாக்டர்."

"ஏன்?"

"அவளுக்கு இழுப்புங்க. தைலம் கேட்டு எழுதியிருக்கா."

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். கோபிப்பார் என்று காத்திருந்தேன். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் நோட்டில் என் பக்கத்தைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"இது வேற ஆளுக்கு எழுதினது. கொண்டுபோங்கோ."

"இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது," என்றார். "மனிசிக்குப் பேர் என்ன?"

பாக்கியம் என்றேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணப் போனேன். எண்ணி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது.

அங்கிருந்து நேராகத் தபாலாபீசுக்குப் போய், நின்றபடியே இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று விசாரணை அதிகாரிக்கு: மனைவி உயிரோடிருக்கிறாள், நான் சொன்னது பொய். இன்னொன்று அவளுக்கு: தைலம் வரும், சுகம்தான், தாமதத்துக்கு மன்னிக்கவும். அவ்வருடமே விண்ணப்பம் தள்ளுபடியானது. இப்போது தற்காலிக அனுமதியில் இருக்கிறேன். எந்த வருடமும் கப்பல் ஏறச் சொல்லலாம். சில நாள் தூங்குகிறேன்.

அன்று தபாலாபீசில் சிங்களக் கிளாக்கர் இரண்டு உறைகளையும் எடைபோட்டு, கொழும்புக்கு எழுதியதை உள்நாட்டுப் பையிலும், துறையூருக்கு எழுதியதை வெளிநாட்டுப் பையிலும் போட்டார். மாற்றிப் போட்டுவிட்டீர்களே என்று சொல்ல வாயெடுத்தேன்; அவர் கணக்குப்படி அதுதான் சரி. டாக்டருக்கு இரண்டு தடவைக்கும் சேர்த்துப் பத்து ரூபாய், பஸ்ஸுக்கு இரண்டு ரூபாய் நாற்பது சதம், தபாலுக்கு எண்பத்தைந்து சதம். ஆக மொத்தம் பதின்மூன்று ரூபாய் இருபத்தைந்து சதம்.