செங்கல் கார்

எங்கள் பெரியப்பாவின் காருக்கு ஊர் வைத்த பெயர் செங்கல் கார். அதில் யாரும் செங்கல் ஏற்றியதில்லை. அதன் நிறமும் செங்கல் நிறமில்லை, கருநீலம். முன்பக்கத்து மூடி மட்டுமே ஒரு கட்டில் நீளம் இருக்கும். பக்கவாட்டில் வெள்ளிபோல் மின்னும் எழுத்துகளில் ஒரு பெயர் பதிந்திருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு அதை வாய்விட்டுப் படித்தார். "கிராண்ட்... பிரிக்ஸ்." கூட நின்றவர்கள் அர்த்தம் கேட்டார்கள். தெரியாது என்று சொல்கிற பழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது. கிராண்ட் என்றால் பெரிய, பிரிக்ஸ் என்றால் செங்கல், ஆக, பெரிய செங்கல் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஒருவன் தன் காருக்கு ஏன் செங்கல் என்று பெயர் வைக்கப் போகிறான் என்று யாரும் யோசிக்கவில்லை. செங்கல் மாதிரி கெட்டியான கார் என்று அவரவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வாலிபத்தைச் சைகோனில் கழித்துவிட்டுச் செலியமேட்டுக்குத் திரும்பி, ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்தவர். அதிகம் பேசமாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில், அதுவும் கேட்ட அளவுக்குத்தான். அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணன், வயது வந்ததும் அதே பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போய்விட்டான். எனக்கு அவன் முகம் சரியாக நினைவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, வாயாலேயே மோட்டார் சத்தம் போட்டபடி ஏரிக்கரையில் ஓடுவான் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு தந்தி வந்தது. அண்ணன் ஓட்டிப் போன பட்டாளத்து லாரி மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது. பெரியப்பா கப்பல் ஏறினார். "புள்ளையக் கொண்டாந்துடறேன்" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் போய்ச் சேருவதற்குள் அங்கேயே, பட்டாளத்துக் கல்லறையில், அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் கழித்துத்தான் பெரியப்பா திரும்பினார். மெட்ராஸ் துறைமுகத்தில் இறக்கிய அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.

மகனைக் கொண்டுவரப் போனவர் காரைக் கொண்டு வந்திருக்கிறார் என்று தெருவே கூடிவிட்டது. கூட்டத்தில் யாரோ, "இன்னாபா காரு இது?" என்று கேட்டார்கள். பெரியப்பா இறங்கினார். முகம் கறுத்து, தாடி மண்டியிருந்தது. பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். புரியவில்லை என்று மறுபடி கேட்டதற்கு, "பெரிய வெலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையே ஊருக்குப் போதுமாக இருந்தது. பெரிய விலை கொடுத்து வாங்கியிருக்கிறாராம். அவ்வளவு பெரிய விலை கொடுக்க ஏது பணம்? பிள்ளை செத்ததற்குச் சர்க்கார் கொடுத்த பணம். பிள்ளையை விற்றுக் கார் வாங்கிவிட்டார் என்று பாகூர் சந்தை வரைக்கும் பேச்சு போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

வாசற்படியில் நின்றிருந்த பெரியம்மாவின் காதிலும் அந்த இரண்டு வார்த்தை விழுந்தது. அன்றிலிருந்து அவர் பெரியப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போட்டார், துணி துவைத்தார், பேச்சு மட்டும் கிடையாது. அடுத்த வீட்டுப் பிள்ளையான நான்தான் இருவருக்கும் நடுவில் தபால்காரி. "ஒங்க பெரியப்பாவ சாப்புட வரச் சொல்லுடி" என்பார். பெரியப்பா நாலு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நானும் கடமை தவறாமல் போய்ச் சொல்வேன். கருமாதி செய்யவேண்டும் என்று என் அப்பா தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தபோது பெரியம்மா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்.

"எம்புள்ள ஒடம்ப நான் பாக்கல. பாக்காத ஒடம்புக்கு இன்னா கருமாதி?"

அப்படியே கிடந்தது. கார் கொல்லைக் கோடியில், மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்தில் போட்ட இன்னொரு கொட்டாயில் நின்றது. பெரியம்மா அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். என் அப்பாவுக்கு ஊர்ப் பேச்செல்லாம் தெரிந்திருந்தும், தன் அண்ணனை எதிரே நின்று கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

பெரியவர்கள் பட்ட பாடு இப்படி இருக்க, எனக்கு அந்தக் காரால் யோகம் அடித்தது. அதற்கு ஸ்டியரிங் இடதுபக்கம். பிரான்சில் சாலையின் வலதுபக்கம் ஓட்டுவார்களாம், அதற்கேற்றபடி செய்த கார். நம் சாலையில் முன்னால் ஒரு கட்டைவண்டி போனால், அதைத் தாண்ட எதிரே வழி இருக்கிறதா என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. வலதுபக்கம் உட்கார்ந்து எட்டிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். ஓட்டுகிறவர் உட்காரவேண்டிய இடத்தில் ரெட்டைப் பின்னலோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பாகூர் பஸ் நிற்கும் இடத்தில் ஒருவன், "தோ பார்றா, பொட்டப் புள்ள காரு ஓட்டுது!" என்று கத்தினான். நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பெரியப்பா எப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுவார். அரியாங்குப்பத்துக்கு முன்னால் சாலை நேராகப் போகிற ஓர் இடம் உண்டு. அங்கே மட்டும், ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால், ஒரே ஒரு தடவை காலை அழுத்துவார். மூடிக்கு அடியில் இருக்கிற எட்டுச் சிலிண்டரும் சேர்ந்து உறுமும். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பனைமரமெல்லாம் பின்னால் ஓடும். பிறகு காலை எடுத்துவிடுவார். அப்போது அவர் கண் சிவந்திருக்கும். புழுதி பட்டிருக்கும் என்று நினைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொள்ளச் சொல்வேன்.

செங்கல் கார் மாதிரியான அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களைப் பற்றி இப்போது பத்திரிகைகளில் படம் படமாகப் போடுகிறார்கள். தலை நரைத்த ஆண்கள் தங்கள் பழைய கார்மேல் கை வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண் பக்கத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். அந்த உறுமல் சத்தம் இனிமேல் வராது என்று ஏங்குகிறார்கள். பந்தயத்தின் பெயரைக் காருக்கு வைப்பது, வைத்த பெயருக்குச் சொந்தம் கொண்டாடுவது, இதற்கெல்லாம் வக்கீல்களே தனியாக இருக்கிறார்களாம். படிக்கும்போது எனக்கு எங்கள் ஊருக்கு வந்த ஒரு சூளைக்காரர் ஞாபகம்தான் வரும்.

அவர் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். செங்கல் சூளை முதலாளி. எப்படியோ அவர் காதுக்கும் செங்கல் கார் விஷயம் எட்டியிருக்கிறது. ஒரு பங்குனி மாதத்து நாளில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர், கையில் மஞ்சள் துணியில் எதையோ சுற்றி வைத்திருந்தார்.

"சொல்தா ஐயா, எஞ்சூளைக்கு ஒரு மார்க்கு வேணும்," என்று ஆரம்பித்தார். "யானை மார்க்கு, குதிர மார்க்கு எல்லாத்தையும் ஆளாளுக்கு வெச்சிட்டான். காரு மார்க்கு எவனும் வெக்கல. அதுலயும் செங்கல்னே பேரு போட்ட காரு ஒலகத்துல ஒண்ணுதான் இருக்குது. அத எஞ்சூள வாசல்ல நிறுத்திட்டேன்னு வையுங்க, அப்புறம் எவன் என்னை அசைக்க முடியும்?"

ஓட்டுவதற்குக்கூட இல்லை, நிறுத்திவைக்க! எனக்குப் பொறுக்கவில்லை. என் அப்பாவுக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. கார் வாசலைத் தாண்டினால் தன் அண்ணி வாய் திறந்து பேசுவார், அண்ணன் வீட்டில் மறுபடி விளக்கு எரியும் என்பது அவர் கணக்கு. பெரியப்பாவும் அதையே நினைத்திருக்கவேண்டும். "எடுத்துக்கினு போங்க" என்றார்.

சூளைக்காரருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கொல்லைக்குப் போய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மஞ்சள் துணியைப் பிரித்தார். உள்ளே புதுச் செங்கல். அதன்மேல் அச்சு வைத்து எழுத்துப் பதித்திருந்தார். காரின் பெயருக்குப் பக்கத்தில் செங்கல்லைப் பிடித்து எங்களுக்குக் காட்டினார். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். செங்கல்லில் இருந்தது வேறு, காரில் இருந்தது வேறு.

"எழுத்து வேற வேறயா இருக்குது," என்றேன். எப்படியாவது வியாபாரம் கெட்டால் போதும் எனக்கு.

சூளைக்காரர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "இன்னாங்க இது? வாத்தியாரே படிச்சி சொன்னாராமே?"

பெரியப்பா முதல் தடவையாக அந்தப் பெயரை விளக்கினார். "அது பிரெஞ்சு வார்த்த. கிரான் ப்ரின்னு சொல்லணும். அங்க பெரிய பெரிய காரு பந்தயத்துக்கெல்லாம் அதான் பேரு. அமெரிக்காக்காரன் அந்தப் பேர எடுத்து இந்தக் காருக்கு வெச்சிட்டான்."

"அப்ப அர்த்தம்?"

"ப்ரின்னா பரிசு. வெலைன்னும் சொல்லலாம். பெரிய பரிசு, பெரிய வெலை, எப்டி வேணா வெச்சிக்கலாம்."

பின்வாசலில் முறத்தோடு நின்றிருந்த பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தார். மாட்டுக் கொட்டாயைத் தாண்டி வந்தார். இத்தனை நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன இடத்துக்கு நேராக வந்து, பெரியப்பாவின் முன்னால் நின்றார்.

"அன்னிக்கு வந்து எறங்கனப்போ பெரிய வெலைன்னு சொன்னீங்களே, அது இன்னா?"

என் அப்பா அப்படியே நின்றுவிட்டார். பெரியப்பா காரில் இருந்த எழுத்துகளைத் தொட்டுக் காட்டினார்.

"காரு பேரு கேட்டாங்க. பேரத்தான் சொன்னேன்."

"அப்ப காரு யாரு வாங்கனது?"

"அவந்தான். அமெரிக்கா பட்டாளம் அந்த ஊரவுட்டுக் காலி பண்ணிக்கினு போவ சொல்ல, ஒருத்தன் வுட்டுட்டுப் போன காரு. சம்பளத்தச் சேத்து வெச்சி வாங்கனான். பந்தயத்துப் பேரு வெச்ச காருன்னு அதும்மேல அவ்ளோ ஆச. அவன் ரூமுல இருந்தவங்க சாவியக் கொண்டாந்து எங்கையில குடுத்தாங்க. வேற எதக் கொண்டாருவேன் நானு?" என்றார். பிறகு, "ஒனக்குத் தெரியும்னு இருந்தேன். அவன் பொருளப் பாக்க ஒனக்கு மனசு தாங்கல, அதான் மூஞ்சியத் திருப்பிக்கிறன்னு நெனச்சிதான் இந்தக் கோடியில நிறுத்தனேன்," என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பெரியம்மா காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் ஒக்காருவான்?"

பெரியப்பா இடதுபக்கத்துக் கதவைத் திறந்தார். பெரியம்மா ஏறவில்லை. குனிந்து சீட்டில் உள்ளங்கையை வைத்தார். பிறகு ஸ்டியரிங்கை ஒரு சுற்று தடவிப் பார்த்தார். பச்சைக் குழந்தையின் தலையைத் தடவுவது போலத்தான் இருந்தது. சூளைக்காரர் செங்கல்லை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டார். வெளியே வந்து, மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

மறுநாள் காலையில் பெரியம்மா காரை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். அதையும் என்னிடம் சொல்லாமல் நேரே பெரியப்பாவிடமே சொன்னார். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். உறவுக்காரர்கள் வந்தார்கள். பெரியம்மா ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் இன்னொன்றில் சீயக்காயும் எடுத்துவந்து காரின் நெற்றியில் தடவினார். பின்னாலேயே என் அம்மா தடவினார், அத்தை தடவினார். காருக்கு யாராவது சீயக்காய் தேய்ப்பார்களா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ரோஜாப்பூ மாலை போட்டார்கள். ஓட்டுகிற சீட்டில் ஆளுக்கு ஒரு பிடி அரிசி போட்டார்கள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆயுத பூஜை! போன வருஷம் எங்கள் தெருவில் டிராக்டருக்கு இப்படித்தானே மாலை போட்டார்கள். பங்குனியில் எதற்கு ஆயுத பூஜை, அதற்கு ஏன் பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், ஏன் பெண்களெல்லாம் தோளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்றெல்லாம் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. சாவு வீட்டுக்கு அதுவரை என்னை யாரும் அழைத்துப் போனதில்லை. என் கவலையெல்லாம், இவ்வளவு செய்தவர்கள் முக்கியமானதை மறந்துவிட்டார்களே என்பதுதான். ஓடிப்போய் எங்கள் வீட்டு மரத்தில் நாலு எலுமிச்சம்பழம் பறித்துவந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, "ஏத்துங்க பெரியப்பா" என்றேன்.

அத்தை என்னைப் பிடிக்க வந்தார். பெரியம்மா அழுகைக்கு நடுவில் கையைக் காட்டித் தடுத்தார். பெரியப்பா சீட்டிலிருந்த அரிசியை மேல்துண்டில் ஒதுக்கி வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். அத்தனை பேர் அழுகைக்கும் மேலே அந்தக் கார் உறுமியது. பெரியம்மா இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, அது நகர்ந்தபோது கூடவே நடந்தார். நாலு பழமும் நசுங்கின.

எங்கள் வீட்டில் அண்ணன் செத்தது அன்றைக்குத்தான். அது தெரியாமல், அந்த வாசலில் நான் ஒருத்தி மட்டும் குதித்துக் குதித்துக் கை தட்டிக்கொண்டிருந்தேன்.