காது குத்துக்குக் கிளம்பாத பட்டாளத்து வண்டி

என் தங்கச்சி மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணும், கம்மலும் தாய்மாமன் கொண்டுபோன கம்மலாகத்தான் இருக்கணும். எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவளுக்குப் பிறந்த வீடுன்னா அது நான் ஒருத்தன்தான். நான் போய்ச் சேரலைன்னா அவள் புருஷன் வீட்டில் யாராவது ஒரு பெரியப்பா மடியில் பிள்ளையை வைத்துக் காரியத்தை முடித்துவிடுவார்கள். நாதியத்தவள்னு ஆயுசுக்கும் அவள் ஊர்ப் பேச்சைக் கேட்கணும். அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் திருவேங்கடத்துக்கும் அந்தப் பக்கம். ராகுகாலத்துக்கு முந்திக் குத்தியாகணும்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். வேணும்னே விட்டேன். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவன் பஸ்ஸில் போய் இறங்கினால் அதில் என்ன மரியாதை இருக்கு?

யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த பட்டாளத்து வண்டி அது. பருத்தியை விலைக்குப் பிடிக்க ஊர் ஊராக அலைகிற எனக்கு அதுதான் கையும் காலும். ஆனால் மழை இறங்கிவிட்டால் கரிசலில் சக்கரம் உருளாது, மண் அப்பி மட்கார்டோடு இறுகிப்போகும். அதனால் ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சாக்கைப் போர்த்தி நிறுத்தினால் தை பிறந்துதான் எடுப்பேன்.

அன்றைக்குச் சாக்கை உருவிவிட்டு உதைத்தேன். ஒரு முனகல்கூட இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னும் ஓங்கி உதைத்தேன். கிக்கர் திருப்பி அடித்து முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்ததுதான் மிச்சம். எதிர்வீட்டுக்காரர் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். அவரிடம் வில்வண்டி உண்டு, என் வண்டியைக் கண்டாலே அவருக்கு இளக்காரம்.

“அண்ணாச்சி, காளையப் பூட்டச் சொல்லவா? அது பெட்ரோல் கேக்காது, வைக்கோல்தான் கேக்கும்” என்றார்.

“சும்மா கெடயும் வே” என்றேன். எரிச்சல்னா எரிச்சல், அப்படி ஒரு எரிச்சல்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி பிடித்து நசநசவென்று இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, சூடுகாட்டச் சொல்லி என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் பட்டுச்சேலை கட்டி, கம்மல் டப்பாவை இடுப்பில் செருகிக் கிளம்பி நின்றவள், அப்படியே அடுப்படிக்குள் போனாள். டாங்கியில் கிடந்த பழைய பெட்ரோலைக் கவிழ்த்துவிட்டுப் புதுசு ஊற்றினேன். கார்புரேட்டரைப் பிரித்து ஓட்டையெல்லாம் வாய்வைத்து ஊதினேன், நாக்கெல்லாம் பெட்ரோல். அதற்குள் அவள் பிளக்கை இடுக்கியில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். “ஆறதுக்குள்ள மாட்டுங்க” என்றாள்.

மாட்டி உதைத்தேன். இருமிற்று. இன்னொரு உதையில் தெரு அதிரக் கிளம்பிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் துப்பப்போனதை விழுங்கிவிட்டார்.

சீர்த்தட்டைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். ரத வீதி முக்கு வரை போனோம், வண்டி நின்றுவிட்டது. டாங்கி மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் தளும்பிக்கொண்டு கிடந்தது. உதைத்தேன், ஓடிற்று. மூடிக்கொண்டு ஏறினோம். ஊரைத் தாண்டினதும் மறுபடியும் நின்றது. திறந்து உதைத்தால் ஓடுகிறது, மூடிக்கொண்டு போனால் கொஞ்ச தூரத்தில் மூச்சை விட்டுவிடுகிறது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அங்கே இந்நேரம் மணையைப் போட்டிருப்பார்கள்.

“இந்தச் சனியன எடைக்குப் போடுதேனா இல்லையா பாரு” என்று டயரை ஓர் எத்து எத்தினேன். வலித்தது எனக்குத்தான்.

அவள் நிதானமாகச் சொன்னாள். “மூடியத் தொறந்தா ஓடுது, மூடுனா நிக்குது. எண்ணெய் டின்னுல ஒத்த ஓட்டை போட்டா எண்ணெய் வருமா? காத்து போக இன்னொரு ஓட்டை போடணும்லா. இதுக்குக் காத்து எங்கன போகுது?”

காற்றுப் போக மூடி நடுவில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை ஒன்று உண்டு. அது எனக்கும் தெரியும், கோபத்தில் புத்தி ஓடவில்லை. குனிந்து பார்த்தேன். ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் சந்தனம் கல்லாகக் காய்ந்து, அதன்மேல் வட்டமாகக் குங்குமம். ஆயுத பூஜைக்கு அவள் வைத்த பொட்டு.

“நடுவுல குழியா இருந்துச்சு. பொட்டு வைக்கத்தான் விட்டிருக்கான்னு நெனச்சேன்” என்றாள்.

திட்டத்தான் வாயெடுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவள் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைக் கிளறினாள். கீழே போட மனசில்லாமல், கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தியில் முடிந்துகொண்டாள். அதுக்கப்புறம் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ரெண்டு பக்கமும் கரிசலில் பருத்தி பூத்துக் கிடந்தது. பருத்தியைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்குகிறவன், அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போய் இறங்கினபோது பந்தலில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். மணையில் ஒரு பெரியப்பா சம்மணம் போட்டுத் தயாராக இருந்தார். நல்லவேளை, மடியில் பிள்ளை இல்லை. என்னைக் கண்டதும் அவர் எழுந்து இடம் விட்டார். தங்கச்சி உள்ளேயிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

அவள் மாமியார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். “ரெண்டு மட்டம் கூப்பிட்டாச்சு மருமவனே. பிள்ளை தூங்குது, தூங்குதுன்னு கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்துட்டா உம்ம தங்கச்சி. உம்ம வண்டிச் சத்தம் கேட்டுச்சோ இல்லையோ, அவளே பிள்ளையக் கிள்ளி எழுப்புதா. சன்னல் வழியா நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

பந்தலே சிரித்தது. தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையை என் மடியில் வைத்தாள். பாவாடை விலகின இடத்தில், அந்தப் பிஞ்சுத் தொடையில், நகம் பதிந்து சிவந்திருந்தது. ஆசாரி ஊசியை எடுக்கிறதுக்கு முன்னாலேயே எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.